இருபத்திரண்டடி வாசல்

ஒக்கூரில் ஆசைத்தம்பி ஆசாரியைப் பத்து வருஷமாக யாரும் திட்டினதே கிடையாது. ஓர் ஊரில் பத்து வருஷம் குடியிருந்து, நாலு வீட்டுக்குக் கதவு செய்து, அதில் இரண்டு கதவு மழைக்கு ஊதி இறுகிப் போயும் ஒருத்தர் வாயிலிருந்து ஒரு வசவு வாங்காமல் இருக்க முடியுமா? அவர் இருந்தார். அதுதான் அவருக்கு மனக்குறை.

அவர் பிறந்தது கல்லல். ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் வீடு. அண்ணன் சுந்தரமும் இவருமாக இரண்டே பிள்ளைகள், இரண்டு பேருமே தச்சு வேலை. அம்மாவின் உடன்பிறந்த அண்ணன்தான் ஒக்கூர் மாயக்கண்ணன் ஆசாரி. மாயக்கண்ணனுக்கு ஆண் வாரிசு இல்லை, ஒரே மகள் நாகவல்லி. முறைப்பெண்ணை விட்டுவிடுவார்களா? ஐம்பத்தொன்பதில் கல்யாணம் நடந்தது. மாமனுக்கு அப்போதே கை நடுக்கம் கண்டிருந்ததால், தொழிலைப் பார்க்க ஆள் வேண்டுமென்று மருமகனைத் தன் ஊருக்கே கூட்டிவந்து வைத்துக்கொண்டார்.

அன்றையிலிருந்து இவர் ஊருக்கே மாப்பிள்ளை. கீழத்தெருவுக்குப் போனாலும் சரி, செட்டியார் வீடுகளுக்குப் போனாலும் சரி, "வாங்க மாப்பிள்ளை ஆசாரி, எப்ப வந்தீக?" என்றுதான் கேட்பார்கள். எங்கேயிருந்து வருவது? அடுத்த தெருவிலிருந்துதான் வந்திருப்பார். ஆனாலும் மாப்பிள்ளையை அப்படித்தானே கேட்க வேண்டும்.

இந்த மரியாதை மற்ற நாளில் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். வைகாசியில் பந்தாட்டம் வந்தால் தாங்காது.

பந்தை ஒக்கூருக்குக் கொண்டுவந்தவர் ஏகப்பன் செட்டியார். ஈப்போவில் கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பியவர். தன்னைப் பெற்ற அப்பச்சி பேரில் ஒரு வெள்ளிக் கோப்பை செய்துவைத்து, கண்மாய்க்கரைப் பொட்டலில் வருஷா வருஷம் பந்தயம் நடத்தினார். எட்டு ஊர் வரும். ஆனால் ஒக்கூருக்கு எதிரி என்றால் கல்லல் ஒன்றுதான். "உங்க ஊருல ரயிலு நிக்குமாடா?" என்று அவர்கள் கத்துவார்கள். "போங்கடா கரி மூஞ்சிகளா, தண்டவாளத்துல போயி விளையாடுங்க" என்று இவர்கள் கத்துவார்கள்.

ஊர்க்காரர்களெல்லாம் கண்மாய்க் கரைமேல் நெருக்கியடித்து நிற்க, ஆசைத்தம்பியை மட்டும் செட்டியாருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்த்துவார்கள். கையில் ஒரு கலர் சோடா. ஒக்கூர் கோல் போட்டதும் இவர் துள்ளி எழுவார். பக்கத்தில் இருப்பவர்கள் ஒப்புக்குச் சிரிப்பார்கள். கல்லல் கோல் போட்டால்தான் வேதனை. அத்தனை தலையும் இவர் பக்கம் திரும்பும். "உங்க ஊரு போட்ருச்சு போல மாப்பிள்ளை!" என்று யாராவது வாழ்த்துச் சொல்லுவார்கள். ஈட்டியால் குத்தினாலும் அப்படி வலிக்காது.

"நான் எந்த ஊருன்னு இவுகளுக்கு எப்பத்தான் புள்ள தெரியும்?" என்று நாகவல்லியிடம் கேட்பார்.

"சோறு தின்னுற ஊரு தெரியுதுல்ல, தின்னுட்டுப் படுங்க" என்பாள் அவள்.

அறுபத்தாறில் செட்டியார் கூப்பிட்டுவிட்டார். கோல் கம்பமாக நட்டிருந்த சவுக்கை மரங்களைக் கறையான் அரித்துவிட்டது. வீடு கட்டி மிஞ்சிய பர்மா தேக்கு அவர் வீட்டுப் பின்கட்டில் கிடந்தது. "அதை எடுத்து நல்லதாப் பண்ணிருங்க மாப்பிள்ளை ஆசாரி. உள்வாசல் இருபத்திநாலு அடி, உசரம் எட்டு. இதுதான் உலகத்து அளவு" என்றார்.

எட்டு நல்ல அளவு. இருபத்துநாலு என்றதும்தான் ஆசைத்தம்பிக்கு உளி ஓடவில்லை. அவர் அப்பா வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுத்த மனையடிக் கணக்கில் இருபத்துநாலு ஆயுளுக்கு ஆகாது. இருபத்திரண்டு வைத்தால் எதிரி அஞ்சுவான். இரண்டு கம்பமும் மேலே ஒரு கட்டையும் வந்துவிட்டால் அது வாசல்தானே? அந்த வாசலில் மனுஷன் நிற்கிறானே?

நிற்கிறவன் சின்னக்கண்ணு. ஒக்கூர் டீமின் கோல்கீப்பர். கீழத்தெரு ராக்காயியின் ஒற்றை மகன். அவன் அப்பன் முப்பது வயதுக்குள் போய்ச் சேர்ந்தவன்.

இரண்டு நாள் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் உள்வாசல் இருபத்திரண்டு வருகிற மாதிரி மேல்கட்டையை அறுத்தார். மாமனார் படுக்கையில் கிடந்தார், அவருக்குத் தெரியாது. பொட்டலின் இரண்டு பக்கமும் ஒரே அளவு, யாருக்கும் நஷ்டமில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டார். நட்ட இரண்டாம் மாதம் மாமனார் காலமானார். கம்பத்தை யாரும் அளந்து பார்க்கவில்லை. ஆசாரி செய்ததை யார் அளப்பார்கள்?

அதன்பிறகு உள்ளூர்ப் பொட்டலில் ஒக்கூரை அசைக்க முடியவில்லை. மூன்று வருஷத்தில் சின்னக்கண்ணு விட்டது நாலே கோல். எதிரி அஞ்சுகிறான் என்று ஆசைத்தம்பி உள்ளுக்குள் பூரித்துப் போனார். வெளியூர் போனால் மட்டும் கதை வேறாக இருந்தது. கல்லலில் ஆடினாலும் காரைக்குடியில் ஆடினாலும் சின்னக்கண்ணு பாய்ந்த கைக்கு அப்பால் பந்து போய்விடும். "உள்ளூர்ப் புலி" என்று அவனைக் கேலி செய்தார்கள். ஆசைத்தம்பி சைக்கிளில் எல்லா ஊருக்கும் பின்னாலேயே போனவர்தான். ஆனாலும் ஒன்றையும் மற்றதையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

அறுபத்தொன்பது வைகாசி. பைனலுக்கு ஒக்கூரும் கல்லலும் வந்துவிட்டன. கல்லல்காரர்கள் லாரி பிடித்து வந்தார்கள். அதில் அண்ணன் சுந்தரமும் இருந்தார். ஒக்கூர் ஒரு கோல் போட்டது. முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது கல்லல் பையன் அடித்த பந்து கம்பத்தில் இடித்து வெளியே போனது. விசில் ஊதியாயிற்று. ஒக்கூர் ஜெயித்தது.

கரை முழுக்கக் குலவை. ஆனால் சுந்தரம் மட்டும் கல்லல் கூட்டத்திலிருந்து பிரிந்து நேராகக் கோல் கம்பத்துக்கு நடந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பத்தைப் பார்த்தார். தச்சன் கண்ணுக்கு அடிக்கோல் அப்புறம்தான்.

"ரெப்ரி சார், இந்த வாசல் சிறுசு" என்றார்.

இடுப்பில் செருகியிருந்த இரண்டடி மடக்குக்கோலை எடுத்தார். தரையில் வைத்துப் புரட்டினார். ஊரே கரையைவிட்டு இறங்கி வந்து சுற்றி நின்று எண்ணியது. பதினோராம் புரட்டலிலேயே மடக்குக்கோல் எதிர்க் கம்பத்தில் முட்டியது. பன்னிரண்டுக்கு இடமில்லை.

அதுவரை குலவையிட்ட கூட்டத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அண்ணன் அளக்குறான், தம்பி அறுத்திருக்கான். நல்லா ஜோடி போட்டிருக்காக."

"கப்பு போயிருச்சேடா!" என்றது இன்னொரு குரல்.

ஏகப்பன் செட்டியார் எழுந்து வந்தார். வேலையை யாரிடம் கொடுத்தோம் என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் மரியாதை தெரிந்த மனுஷர். கையைத் தூக்கிக் கூட்டத்தை அமர்த்தினார். "யாரும் வாயை விடாதீக. இது மாயக்கண்ணன் ஆசாரி காலத்து வேலை. கை நடுக்கத்துல அளவு தப்பிப் போயிருக்கும். நம்ம ஊரு மாப்பிள்ளை மேல ஒரு சொல்லு வரக் கூடாது."

கூட்டம் அடங்கியது. எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. ஆசைத்தம்பி தலையை ஆட்டியிருந்தால் போதும். சோடாவைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். சாகிற வரைக்கும் ஊர் அவரை மாப்பிள்ளையாகவே வைத்துத் தாங்கியிருக்கும். அதை நினைத்ததும்தான் அவர் சோடாவைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

"அய்யா, செத்தவுகளை இழுக்காதீக" என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "மாமா அந்த மரத்தைத் தொடவே இல்ல. அறுத்தது நான், இழைச்சது நான், நட்டது நான். அளவும் தப்பல. தெரிஞ்சேதான் குறைச்சேன்."

"பாத்தீகளா! கல்லல் புத்தி!"

"யாருய்யா அது? முன்னால வந்து சொல்லு!" ஆசைத்தம்பி திரும்பினார். "கல்லலுக்கு நல்லது நெனச்சிருந்தா அய்யா சொன்ன இருபத்திநாலையே வச்சிட்டுப் போயிருப்பேன். அது ஆயுளுக்கு ஆகாத அளவு. இந்தா நிக்கிறானே சின்னக்கண்ணு, இவன்தானே தினமும் அந்த வாசல்ல நிக்கிறான்? இவன் அப்பன் என்ன வயசுல போனாருன்னு உங்களுக்குத் தெரியாதா? வேத்தூரான் புள்ளையின்னா என்னமும் ஆகட்டும்னு விட்டிருப்பேன். எனக்கு மனசு வரல."

கல்லல் கூட்டத்தில் ஒருத்தன் சிரித்தான். "பந்துக்குமாய்யா மனையடி பாத்தீக!" சுந்தரம் அவனை முறைத்தார். தம்பியைப் பார்த்த அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. அப்பா சொல்லிக்கொடுத்த கணக்கு அவருக்கும் தெரியும்தானே.

சின்னக்கண்ணு தன் இரண்டு கையையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான். வெளியூரில் எல்லாப் பந்தும் கைக்கு ஒரு சாண் அப்பால் போனதெல்லாம் அவனுக்கு அந்த இடத்தில்தான் விளங்கியிருக்க வேண்டும்.

ரெப்ரி காரைக்குடியில் ட்ரில் மாஸ்டர். அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: ஜெயித்தது செல்லாது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சரியான அளவில் கம்பம் நட்டு மறுபடி ஆட வேண்டும்.

அந்த வாரம் ஊரில் யாரும் ஆசைத்தம்பியை "வாங்க மாப்பிள்ளை" என்று கூப்பிடவில்லை. திட்டவும் இல்லை. எதிரே வந்தவர்கள் வேட்டியைச் சரிசெய்துகொண்டு போனார்கள். அவர் இரண்டு புது மேல்கட்டை அறுத்தார். இருபத்துநாலடி. ஒவ்வொரு இழைப்புக்கும் கை கூசியது.

"அம்புட்டுப் பயமா இருந்தா வேற ஆசாரியைப் பாக்கச் சொல்லுங்களேன்" என்றாள் நாகவல்லி.

"வேற ஆசாரி கழிப்புக் கழிக்க மாட்டான் புள்ள. பந்துக் கம்பம்னு சிரிச்சிட்டுப் போயிருவான்."

புது வீட்டில் குடிபுகுமுன், மரத்தில் இருக்கிற தோஷத்தைத் தச்சன் கழித்துத் தன்னோடு எடுத்துக்கொண்டு போவது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஆசைத்தம்பி அதைத்தான் செய்தார். இரண்டு பக்கக் கம்பத்துக்கும் மஞ்சள் பூசி, பூசணிக்காயைச் சுற்றி உடைத்தார். வடக்குப் பக்கக் கம்பத்தைக் கும்பிட்டு நின்றபோது வாய்விட்டே சொன்னார்: "இருபத்திநாலோட குறை செஞ்ச கையோட போகட்டும். நிக்கிறவனைத் தொட வேண்டாம்." திரும்பினால் சின்னக்கண்ணு நிற்கிறான். பயிற்சிக்கு வந்திருக்கிறான். எவ்வளவு நேரமாக நின்றானோ. உடைந்த பூசணித் துண்டுகள் ஆடுகிறவர்கள் காலில் வழுக்கும் என்று அவனே குனிந்து பொறுக்கி எறிந்தான்.

சாயங்காலம் ஆட்டம். ஆசைத்தம்பி கரைமேல் ஏறிக் கூட்டத்துக்குள் நின்றுகொண்டார். தொண்டை கிழியக் கத்தினார். முக்கால்வாசி நேரம் யாரும் கோல் போடவில்லை. அதற்குப் பிறகு கல்லல் பையன் இடது ஓரமாக உருட்டிவிட்டான். சின்னக்கண்ணு பாய்ந்தான். பழைய கம்பம் நின்ற இடம் வரைக்கும் அவன் கை கச்சிதமாகப் போனது. போன வாரம் இல்லாத அந்த ஓரடிக்குள் பந்து மெதுவாகப் புகுந்தது. அவ்வளவுதான்.

கல்லல் லாரி புறப்படும்போது சுந்தரம் மேலேயிருந்து கூப்பிட்டார். "ஏறுடா தம்பி, ஊருல கிடா வெட்டுறாக. அம்மா உன்னையப் பாக்கணும்னு கெடக்கு."

"அம்மாவைப் புதன்கிழமை வந்து பாக்குறேன்னு சொல்லுண்ணே. கறி எனக்கு இறங்காது."

லாரி போய்விட்டது. பொட்டலில் ஒக்கூர்க்காரர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆசைத்தம்பி ஓரமாகப் போய்க் குந்தினார். அப்புறம் சின்னக்கண்ணு மண்ணை அள்ளி எறிந்துவிட்டுத் திரும்பினான்.

"ஏய்யா ஆசாரி! மூணு வருசமா என் கையை ஒரு அடி குட்டையா வளத்து வச்சிட்டியேய்யா! நீயும் உன் மனையடியும்! ஆயுசு எதுக்குய்யா எனக்கு, கல்லல்காரன்கிட்டத் தோத்துக்கிட்டே கெடக்கவா?"

"அதானே!" என்றான் இன்னொருத்தன். "கழிப்புக் கழிச்சானாம் கழிப்பு. கப்பையும் சேத்துல்ல கழிச்சுப்புட்டான்!"

நாலு பக்கமிருந்தும் பிடித்துக்கொண்டார்கள். இறுகிப் போன கதவுகூட வெளியே வந்தது. செட்டியார் எழுந்து வந்து தடுக்கப் பார்த்தார். ஆசைத்தம்பி கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டார். முகம் சிவந்திருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. சிரிப்பும் சேர்ந்து வருகிற மாதிரி இருந்ததால் அதை மறைக்கத் தானும் சத்தம் போட்டார்.

"நிறுத்துடா! அளவு என் தப்பு, ஒத்துக்கிறேன். நீ எதுக்குடா ரெண்டு எட்டு முன்னால வந்து நின்னே? கம்பத்தை ஒட்டி நிக்க வேண்டியதுதானே?"

"பந்தைத் தொட்டுப் பாத்திருக்கியா நீ? எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டே!"

"தொட்டாத்தான் தெரியுமோ? பத்து வருசமா பாக்குறேன்ல!"

வெயில் இறங்கிவிட்டது. நாகவல்லி கண்மாய்க் கரையில் வந்து நின்று சாப்பிடக் கூப்பிட்டாள். இரண்டாம் தடவையும் கூப்பிட்டாள். ஆசைத்தம்பி சம்மணம் கூட்டி உட்கார்ந்து, தரையில் குச்சியால் இரண்டு கம்பத்தைக் கீறிக்கொண்டிருந்தார்.

"இரு புள்ள, வாரேன்" என்றார் திரும்பாமலே. "இந்தப் பய சொல்றது தப்பு."