மாற்று வேட்பாளர்

எங்கள் நைனா இரண்டு முறை சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். அந்தப் பத்து வருடத்தில் அவர் ஒருவரிடமும் 'இல்லை' என்று சொன்னதில்லை. கனகம்மாசத்திரத்துக்காரர்கள் நிழற்குடை கேட்டாலும் மணவூர்க்காரர்கள் பாலம் கேட்டாலும் "ஆங், ஆவட்டும்" என்பார். நிழற்குடை வந்தது. பாலம் ஆகிக்கொண்டே இருந்தது.

வீட்டிலும் அதே சட்டம்தான். அரிசி தீர்ந்தால் 'நிறைஞ்சிருக்குது' என்றுதான் சொல்ல வேண்டும். நல்ல நாளில் 'இல்லை' என்றால் இருப்பதும் போய்விடும் என்பது அவர் நம்பிக்கை.

மூன்றாவது முறை சீட்டு கிடைத்தபோது எனக்கு ஒன்பது வயது. மலைக்கோயிலுக்குப் படியேறிக் கும்பிட்டுவிட்டு, கடைசி நாளில், ஜோசியர் குறித்த நேரத்தில் மனுத்தாக்கல் செய்தார். ஒருவேளை அவர் மனு தள்ளுபடியானால் கட்சிக்கு ஆள் வேண்டுமே என்று, வழக்கம்போல அம்மாவும் மாற்று வேட்பாளராக ஒரு மனு கொடுத்தாள். சொத்து விவரப் படிவத்தில் அம்மா கட்டத்துக்குக் கட்டம் 'இல்லை' என்று எழுதியிருந்தாள். உண்மையும் அதுதான். நைனாவோ தன் படிவத்தில் பொருந்தாத கட்டங்களையெல்லாம் காலியாக விட்டிருந்தார். முந்தைய இரண்டு முறையும் கண்டுகொள்ளாதவர்கள், இந்த முறை காலிக் கட்டம் செல்லாது என்று சொல்லியனுப்பினார்கள். மறுநாள் பரிசீலனைக்குப் புதுப் படிவத்தில் கோடு போட்டு எடுத்துக்கொண்டு போனார். அம்மாவை விடமாட்டேன் என்று நான் அழுததால் என்னையும் தேர்தல் அலுவலகத்துக்குள் அனுமதித்தார்கள்.

"கோடெல்லாம் செல்லாதுங்க. பதினோரு மணிக்குள்ள 'இல்லை'ன்னு எழுதி வேற ஒன்னு குடுத்துடுங்க. அப்புறம் என் கையில ஒன்னும் கிடையாது," என்றார் அதிகாரி.

"நல்ல காரியத்துல அந்த வார்த்தைய எப்படிங்க எழுதறது?" என்றார் நைனா.

வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம் வேறு தொடங்கிவிட்டது. நைனா பேனாவைத் திறந்தார், மூடினார். மனு போய்விட்டால் வாசலில் கூட்டம் நிற்காது, நைனா சாப்பிடமாட்டார், எல்லோரும் சேர்ந்து அம்மாவைத் திட்டுவார்கள் என்று எனக்கு என்னென்னவோ தோன்றியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

கூட வந்திருந்த மாமா அம்மாவின் காதருகே குனிந்தார். "அக்கா, பாவா பேனாவ வச்சிக்கினு முழிக்கிறாரு. நீயே எழுதிடு. அவரு கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

நைனாவின் கடிதங்களிலிருந்து மேடைப் பேச்சு வரை எழுதித் தருவது அம்மாதான். நைனாவும் அவளைத்தான் பார்த்தார்.

"பாப்பா தல கலைஞ்சிருக்குது. பின்னிட்டு வரேன்," என்றாள் அம்மா.

என்னை ஜன்னலோரம் இழுத்துக்கொண்டு போய், ரிப்பனை அவிழ்த்து, மெதுவாகப் பின்னினாள். கோணலாகிவிட்டது என்று அவிழ்த்து மறுபடியும் பின்னினாள். மாமா இரண்டு தடவை வந்து கூப்பிட்டார். "ஆங், ஆங்" என்றாள். இன்னொரு சடைக்கு வந்தபோது மணி பதினொன்று.

நைனாவின் மனு தள்ளுபடி. அம்மாவின் மனு ஏற்கப்பட்டது. நைனா நாற்காலியை விட்டு எழவேயில்லை. நான் ஓவென்று அழுதேன். அம்மா அழவில்லை.

அந்தத் தேர்தலில் அம்மா ஜெயித்தாள், அதற்கடுத்ததிலும் ஜெயித்தாள். அத்தனை பதற்றத்திலும் என் தலையைக் கவனித்தாளே, என்மேல் எவ்வளவு பாசம் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அன்று காலையில்தான் எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிவிட்டிருந்தாள், ஒரு முடிகூடக் கலைந்திருக்கவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.