அண்ணாவின் பாட்டு மெசினும் மூச்சு மெசினும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் கையெழுத்து எனக்கே சில நேரம் விளங்காது. எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்றைக்கும் தடுமாறுவேன். அச்சகத்தில் வேலை செய்கிற பிள்ளை திருத்தித் தருவதாகச் சொன்னது. அதற்குப் பிறகும் பிழை இருந்தால் அது என்னுடையது. ஆட்களுக்கு முன்னால் பேசவும் எனக்கு வராது. அண்ணாவை அடக்கம் செய்த அன்று சேமக்காலையில் இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

இந்த முதலாம் ஆண்டு நினைவு மலரை வாங்குகிற சொந்தக்காரர் பலர் ஒரு கதை கேட்டிருப்பீர்கள். அண்ணா மூச்சு விட முடியாமல் கிடந்த நேரத்தில், அண்ணி அவருடைய மூச்சு மெசினைக் கழற்றிவிட்டுப் பாட்டு மெசினைப் போட்டார் என்பது அந்தக் கதை. அது எங்கள் ஊரான கீரியில் இருந்து கனடா வரை போய்விட்டது. அந்த நேரம் அந்த அறையில் நான் நின்றேன். ஆகவே அண்ணாவின் வாழ்க்கையோடு சேர்த்து அதையும் எழுதுகிறேன்.

அண்ணா கீரியில் பிறந்தார். நாங்கள் மூன்று பேர். அண்ணா மூத்தவர், நான் நடு, தங்கச்சி கடைசி. எங்கள் ஐயா வாடைக் காற்றுக் காலத்தில் கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதன் பிறகு அண்ணாதான் வீட்டுக்குத் தகப்பன். சண்டை நெருங்கி வந்தபோது அம்மாவையும் எங்களையும் படகில் ஏற்றி அக்கரைக்கு, இந்தியாவுக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். அம்மா அங்கே முகாமில் இறந்தார். அம்மாவைப் புதைத்த இடத்துக்குப் பிறகு எங்களில் ஒருவரும் போனதில்லை.

முகாமில் இருந்தபோது அண்ணா ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுக்கிற ஒரு கடையில் பெட்டி தூக்கப் போனார். ஒரு கலியாண வீட்டில் நாதஸ்வர இசைத்தட்டுப் போட்டார்களாம். மெசினுக்குள் இருக்கிற ரப்பர் நாடா வெயிலில் இழுபட்டுத் தட்டு மெதுவாகச் சுற்ற, கலியாண மேளம் செத்த வீட்டு மேளம் மாதிரிக் கேட்டதாம். பெண்ணின் மாமன் அடிக்க வந்தது அண்ணாவை. அந்தக் கடை முதலாளி தன் வீட்டில் நாடா இல்லாத மெசின் ஒன்று வைத்திருந்தார். தட்டுக்கு நேர் கீழேயே மோட்டர். இழுபட ஒன்றும் இல்லை, அறுந்து போகவும் ஒன்றும் இல்லை. அதை அவர் வாடகைக்கு விடுவதில்லை. தூசு துடைக்க மட்டும் அண்ணாவை விட்டார். அண்ணா அந்த மெசினைப் பற்றி எங்களுக்குச் சொன்ன மாதிரி வேறு எதைப் பற்றியும் சொன்னதில்லை.

திரும்பி வந்த பிறகு அண்ணா அரிப்புக் கிராமத்துப் பக்கம், வாயில் காற்றுக் குழாயோடு கடலுக்கு அடியில் இறங்கிக் கடலட்டை குளிக்கப் போனார். அங்கேதான் அண்ணியைக் கலியாணம் முடித்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தங்கச்சி கலியாணம் முடித்துக் கனடா போய், கொஞ்சம் காலூன்றிய பிறகு ஒரு நாள் போனில் கேட்டாள்.

"அண்ணா, உங்களுக்கு என்ன வேணும்? நல்ல போன் ஒண்டு அனுப்பவோ?"

"போன் கிடக்கு. நாடா இல்லாத றெக்கோட் பிளேயர் ஒண்டு பாரன்."

"அதை இப்ப இஞ்ச கிழடுகளும் வைச்சிருக்கிறேல்ல அண்ணா."

"அப்ப மலிவாக் கிடைக்கும்."

அவள் தேடிப் பிடித்தாள். யப்பானில் செய்த பழைய மெசின். போர்வைகளில் சுற்றிக் கப்பலில் வந்தது. அண்ணா குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து பிளக்கைக் கொழுவினார். தட்டு அரைச் சுற்றுச் சுற்றியதும் புகை வந்தது. அந்த நாட்டு மெசினுக்கு எங்கள் கரண்டில் பாதி போதும் என்று எங்களுக்குத் தெரியாது.

"துண்டில எழுதி ஒட்டினனான் எல்லே அண்ணா!" என்று தங்கச்சி போனில் கத்தினாள்.

"இங்கிலீசில எழுதினா எனக்கும் மெசினுக்கும் என்னடி விளங்கும்?"

மன்னார் டவுனில் றேடியோ திருத்துகிற ஒருவர் அதைப் பல மாதம் வைத்திருந்து உயிர் கொடுத்தார். கரண்டைக் குறைக்கிற கனத்த இரும்புப் பெட்டி ஒன்றையும் எடுத்துத் தந்தார். அந்தப் பெட்டியில் ஒரு பிளக் கொழுவத்தான் இடம் இருந்தது. பிறகு நடந்ததற்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் கரையில் ஒரு மெசினை வைத்திருப்பது லேசான வேலை இல்லை. உப்புக் காற்றில் செம்பெல்லாம் பச்சை பிடிக்கும். அண்ணா கிழமைக்கு ஒரு தடவை ஊசி பூட்டுகிற தலையைக் கழற்றி, அதன் சின்னக் கம்பிகளை ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்துத் துடைப்பார். தட்டைத் தூக்கி, நடு அச்சில் தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு விடுவார். நிலத்தில் ஆள் நடந்தாலே ஊசி துள்ளியது. அதனால் சுவரோடு சேர்த்துச் சீமெந்துப் பலகை ஒன்று கட்டி, அதன் மேல் மெசினை வைத்தார். சோளகக் காற்று மணலை அள்ளிவரும் மாதங்களில் தான் உடுக்கிற சாரம் ஒன்றை நனைத்து யன்னலில் தொங்கவிடுவார். தட்டின் விளிம்பில் வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். பக்கத்தில் இருக்கிற சின்ன லைட் வெளிச்சத்தில் அவை அசையாமல் நின்றால் வேகம் சரி. ஜெனரேட்டரில் போட்டால் தட்டுச் சரியாகச் சுற்றினாலும் புள்ளிகள் ஓடும்.

"காய்ச்சல் கரண்டுக்கு. என்ர பிள்ளைக்கு ஒண்டுமில்லை" என்பார் அண்ணா. அதைக் கேட்டால் அண்ணி எழும்பிக் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விடுவார்.

அண்ணிக்கு அந்த மெசினைப் பிடிக்காது. இதை நான் மறைக்கவில்லை. ஒரு நாள் அண்ணாவோடு கடலுக்குப் போகிற, படகின் சொந்தக்காரரான சம்மாட்டி வந்து, எண்ணெய் விடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உன்ர மனுசிக்கு இவ்வளவு எண்ணெய் வைச்சிருந்தியெண்டா அவள் மகாராணி மாதிரி இருப்பாளடா."

"எனக்கு எண்ணெய் வேண்டாம்" என்று குசினிக்குள் இருந்து அண்ணி சொன்னார். "யன்னலில கிடக்கிற சாரத்தைக் கழட்டச் சொல்லுங்கோ. மனிசர் மூச்சு விட வேணும்."

இப்படிப்பட்டவர் தன்னுடைய ஆசைக்காகப் பாட்டுப் போட்டார் என்று சொன்னால், அந்த வீட்டைத் தெரியாதவர்கள்தான் நம்பவேண்டும்.

பிறகு அண்ணாவுக்கு இருமல் வந்தது. மருந்துக்கு நிற்கவில்லை. சுவாசப்பை இறுகிக்கொண்டு வருகிறது, திரும்பவும் பழைய மாதிரி வராது என்று டொக்டர் சொன்னார். படி ஏற முடியாமல் போனது, பிறகு முற்றம் வரை நடக்க முடியாமல் போனது, பிறகு கட்டில்தான். தங்கச்சி கனடாவில் இருந்து ஒட்சிசன் மெசின் வாங்கி அனுப்பினாள். அதுவும் அந்த நாட்டுக் கரண்டுக்குச் செய்தது. இந்த முறை நாங்கள் அவசரப்படவில்லை. றேடியோ திருத்துகிறவர் வீட்டுக்கு வந்து, இரும்புப் பெட்டி தாங்கும் என்று சொன்ன பிறகுதான் கொழுவினோம். அதற்காகப் பாட்டு மெசினின் பிளக்கைக் கழற்றினோம்.

"கடலுக்கு அடியிலயும் குழாய், கட்டில்லயும் குழாய்" என்று அண்ணா சொன்னார். அந்த மெசின் தண்ணி மோட்டர் மாதிரிச் சத்தம் போடும். அது ஓடினால் அறையில் வேறு ஒன்றும் கேட்காது. சாப்பிடுகிற நேரம் மட்டும் குழாயைக் கொஞ்சம் கழற்றலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

கடைசியில் அண்ணாவால் விழுங்க முடியவில்லை. ஒரு வாய் உள்ளே போனால் இருமல் வரும். இருமினால் உதடு நீலமாகும். ஒரு மத்தியானம் அண்ணி மெசினை நிற்பாட்டி, குழாயைக் கழற்றிவிட்டுக் கஞ்சியோடு கதிரையில் இருந்தார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன்.

"இஞ்சாருங்கோ, வாயைத் திறவுங்கோ. ரெண்டு கரண்டி."

"வேண்டாம். டொக்டர்... சாப்பிடக் கழட்டலாம் எண்டவர்."

"ஓம், அதுக்குத்தானே கழட்டினனான்."

"அந்த நேரத்தை... அதுக்குத் தா."

அவர் விரல் சுவர்ப் பக்கம், பாட்டு மெசினைக் காட்டியது. அண்ணிக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"விசரோ உங்களுக்கு? பாட்டு வயித்தை நிரப்புமோ?"

"கஞ்சியும்... நிரப்பேல்லையே."

அண்ணி என்னைப் பார்த்தார். அவர் கோப்பையை நிலத்தில் வைத்தார். இரும்புப் பெட்டியில் இருந்து மூச்சு மெசினின் பிளக்கைக் கழற்றிப் பாட்டு மெசினின் பிளக்கைக் கொழுவினார். ஊரில் சொல்கிற கதையில் வருகிற கை அண்ணியின் கைதான். அவர் அந்த மெசினை அதுவரை தொட்டதில்லை. அண்ணா விரலால் காட்டக் காட்ட நாதஸ்வரத் தட்டை எடுத்து வைத்து, ஊசியைத் துடைத்து, தட்டின் மேல் இறக்கினார். பிறகு அண்ணாவின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அவருடைய நகங்களையே பார்த்துக்கொண்டு இருந்தார். நகம் நீலம் பிடித்தால் ஊசியைத் தூக்கிவிடுவது என்று பேச்சு. சில நாள் ஒரு பக்கம் முழுதும் ஓடியது. சில நாள் பாதியில் தூக்கினார். அண்ணா மறுப்புச் சொல்லவில்லை. தூக்கிய உடனே பிளக்கை மாற்றிக் குழாயைப் பூட்டிவிடுவார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வரை ஒவ்வொரு மத்தியானமும் இதுதான் அண்ணாவின் சாப்பாடு.

தங்கச்சிக்கு அங்கே இரவு வேலை. அவளுடைய சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாள் வீடியோக் கோல் எடுத்தாள். நான் போனைத் திருப்பிப் பிடித்தேன். தட்டுச் சுற்றுவதை அவள் கண்டாள்.

"அண்ணி, மெசின் ஏன் நிக்குது? அண்ணாவின்ர மூக்கில குழாய் எங்க?"

அண்ணி அண்ணாவைப் பார்த்தார். அண்ணா கையை மெல்ல ஆட்டினார், சொல்லாதே என்று.

"உங்களுக்குப் பாட்டுத்தான் பெரிசாப் போச்சோ அண்ணி?"

கோல் நின்றது. அண்ணா தலையணைக்குக் கீழே இருந்த செபமாலையை எடுத்து அண்ணியின் கையில் வைத்தார்.

"நான் சாப்பிடுறேல்ல எண்டு... அவளுக்குச் சொல்லாத. இதைப் பிடிச்சுச் சொல்லு."

முகாமில் அம்மா சாப்பாட்டை நிற்பாட்டியபோது, கோப்பையோடு பக்கத்தில் இருந்தது தங்கச்சிதான். அப்போது அவள் சின்னப் பிள்ளை. சாப்பாடு நின்றால் அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியும். அண்ணா சாப்பிடவில்லை என்று கேட்டால் வரவேண்டும் என்று துடிப்பாள். அண்ணா கிடந்த நேரம் அவளுக்குக் கனடாவில் இருக்கிற பேப்பர் சரிவரவில்லை, வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. அண்ணா அதை நினைத்தார். அண்ணி செபமாலையைப் பிடித்துச் சத்தியம் செய்தார்.

சில நாளில் அண்ணா மன்னார் ஆஸ்பத்திரியில் இறந்தார். மூக்கில் குழாய் இருந்தது. அந்த மத்தியானங்களால் அவருடைய உயிரில் ஒரு நாள் குறைந்ததா என்று எனக்குத் தெரியாது. குறைந்திருந்தால் அது அவர் கேட்டு எடுத்த நாள். செத்த வீட்டில் பெண்கள் அண்ணியைச் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். "ஓம், நான்தான் கழட்டினனான்" என்று மட்டும் சொன்னார். தங்கச்சி அன்றிலிருந்து அண்ணியோடு கதைக்கவில்லை.

அண்ணாவைப் பார்த்த டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும், நற்கருணை கொண்டுவந்த சுவாமிக்கும், கட்டிலோடு சேர்த்து அண்ணாவைத் தூக்கி வாகனத்தில் ஏற்றிய சம்மாட்டிக்கும் அவருடைய ஆட்களுக்கும், கூப்பிட்ட போதெல்லாம் டவுனில் இருந்து வந்த றேடியோ திருத்துகிறவருக்கும், செத்த வீட்டுக்குச் சோறு சமைத்த அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மூச்சு மெசின் அனுப்பிய தங்கச்சிக்கும் நன்றி. அந்த மெசினால்தான் அண்ணா அவ்வளவு நாள் எங்களோடு இருந்தார்.

தங்கச்சி, அண்ணா சத்தியம் வாங்கியது அண்ணியிடம். நான் அந்தக் கட்டிலின் கால்மாட்டிலேயே நின்றேன், என்னிடம் வாங்கவில்லை. இவன் எங்கே வாய் திறக்கப் போகிறான் என்று நினைத்திருப்பார். அண்ணி இன்னும் அதே நம்பர்தான் வைத்திருக்கிறார். கோல் எடு.

கீரி,
ஐப்பசி மாதம் ஐந்தாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த பிறகு எழுதியது.