சரஸ்வதி பூசைக்கு வந்த சீன வாத்தியம்

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நாங்கள் லண்டனில், வெம்பிளியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் ஹவுன்ஸ்லோவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். விடிய எழும்பி, பஸ் மாறிப் போய், தலைக்கு வலை போட்டுக்கொண்டு, நாள் முழுக்கத் தட்டுகளில் வெண்ணெயும் பிஸ்கட்டும் அடுக்க வேண்டும். அலுப்பென்றால் அப்படியொரு அலுப்பு.

வரிசையில் எனக்குப் பக்கத்தில் நின்றவள் ஹொங்கொங்கிலிருந்து வந்த ஒரு சீனப் பெண். என் வயதுதான் இருக்கும். அவளுக்கும் ஆங்கிலம் அரைகுறை, எனக்கும் அரைகுறை. ஆனால் எங்கள் மனேஜரை இரண்டு பேருக்குமே பிடிக்காது. சிநேகிதமாவதற்கு அது போதுமாக இருந்தது.

ஒருநாள் தேநீர் இடைவேளையில் தன் வாக்மேனின் ஒரு காதுக்குழாயை என் காதில் மாட்டிவிட்டாள். ஹொங்கொங்கின் புதுப் பாட்டு ஒன்று. கிற்றார், டிரம், கீபோர்ட் என்று எல்லாம் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். சும்மா மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று பாடகர் நிறுத்த, அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு தந்தி வாத்தியம் தனியாக எழும்பியது. அடடா! மனுசர் விம்முவது போலவே இருந்தது. எங்கள் சினிமாப் பாட்டில் வயலின் கூட்டத்துக்கு நடுவே ஒரு நாதஸ்வரம் வந்து மனதை அள்ளிக்கொண்டு போகுமே, அதே வேலைதான்.

அது எர்ஹூ என்றாள். இரண்டே இரண்டு தந்தி. அவற்றுக்கு நடுவில் வில் மாட்டியிருக்கும். மடியில் நிமிர்த்தி வைத்து இழுக்க வேண்டும். எர்ஹூவும் மூங்கில் குழலும் இன்னும் பல பழைய வாத்தியங்களும் இப்போது அவர்களுடைய புதுப் பாட்டுகளுக்குள் நிறைய வருகின்றன என்றும், தொலைக்காட்சி வாள்சண்டைத் தொடர்களின் பாட்டுகளில் அவை இல்லாமல் சரிவராது என்றும் சொன்னாள். அவளும் எர்ஹூ வாசிப்பவள்தான். வார விடுமுறையில் சீனக் கல்யாண விருந்துகளில் வாசிக்கும் ஒரு குழுவில் இருந்தாள். தனக்குக் கற்றுத் தந்தவர் இதைக் கேள்விப்பட்டு, பெரிய வாத்தியத்தைக் கொண்டுபோய்ச் சில்லறைப் பாட்டில் விட்டாயே என்று திட்டிக் கடிதம் அனுப்பினார் என்று சொல்லிச் சிரித்தாள்.

எனக்குப் பொறுக்குமா? நவராத்திரி வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர்ச் சங்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை எடுத்துச் சரஸ்வதி பூசை செய்யும். பிள்ளைகள் பாடுவார்கள், என் கணவர் மிருதங்கம் வாசிப்பார். நீயும் வந்து வாசி என்று கூப்பிட்டேன். சங்கத் தலைவரிடமும் கேட்டேன். "சீனப் பிள்ளை சரஸ்வதி பாட்டு வாசிக்கப் போகுதோ? நல்ல விசயம், கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார்.

சரஸ்வதி பாட்டு ஒன்று இருந்த கசெட்டைக் கொடுத்தேன். இடைவேளை எல்லாம் அவளுக்கு அந்தப் பாட்டுத்தான். தட்டு அடுக்கும்போதும் முணுமுணுப்பாள். எங்கே நெளிய வேண்டும், எங்கே இழைய வேண்டும் என்று என்னைப் பாடச் சொல்லிக் கேட்பாள். எனக்கோ கழுதைக் குரல். மெஷின் இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் பாடிக் காட்டினேன். இரண்டு கிழமையில் பிடித்துவிட்டாள்.

பூசை நாளன்று முழுக்கைச் சட்டை போட்டு, தலையை வாரிப் பின்னி, பெட்டியோடு நேரத்துக்கே வந்து நின்றாள். வாசலில் எல்லோரையும் பார்த்துத் தானும் சப்பாத்தைக் கழற்றினாள். சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்கள், வீணை, வயலின்கள், என் கணவரின் மிருதங்கம், யாரோ ஒரு பிள்ளையின் கீபோர்ட் எல்லாம் சந்தனப் பொட்டோடு இருந்தன. தன்னுடையதையும் வைக்கலாமா என்று கேட்டாள். வையடி என்று நானே வாங்கி வைத்துப் பொட்டும் வைத்தேன்.

அங்கே நின்ற ஒரு அம்மா, எர்ஹூவின் அடியில் இருந்த சின்னப் பெட்டியை மூடியிருந்த செதில் தோலைக் காட்டி, இது என்ன தோல் என்று அவளை ஆங்கிலத்தில் கேட்டார். பாம்பு, மலைப்பாம்பு என்று இவள் பெருமையோடு சொன்னாள். கையை விரித்து எவ்வளவு பெரிய பாம்பு என்றும் காட்டினாள்.

அவ்வளவுதான். அந்த அம்மா பின்னால் போனார், மண்டபம் குசுகுசுத்தது. என் கணவர் என்னிடம் வந்தார். நவராத்திரி என்றால் முட்டை போட்ட கேக்கையும் தொடாத மனுசன்.

"இது பாம்புத் தோல் எண்டு உமக்குத் தெரியுமோ? நாகத்தோட இருக்கிற நயினாதீவு அம்மனைக் கும்பிடுற சனம் நாங்கள். எடும் அதை!"

தலைவரும் பின்னாலேயே வந்தார். "குறை நினைக்காதேங்கோ தங்கச்சி. சனம் கதைக்கும். வாசிக்கவும் வேண்டாம், இன்னொரு நாளைக்குப் பாப்பம்."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "அப்ப உங்கட மிருதங்கம் என்ன, பூசணிக்காய்த் தோலிலையோ செய்தது? அதுவும் மாட்டுத் தோல்தானே, மாட்டைக் கும்பிடுறேல்லையோ நாங்கள்?" என்று கணவரைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

அவர் முகம் கறுத்துப்போனது.

"அது வேற. இது வேற."

"ஓம், அது வேற" என்றார் தலைவரும்.

எப்படி வேறு என்று யாரும் சொல்லவில்லை. எல்லோர் முகத்திலும் அதே "அது வேற" தான் இருந்தது. ஐயர் மணியைக் கையில் எடுத்துக்கொண்டு காத்திருந்தார். பிள்ளைகள் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பூசை கெட்டுவிடும், நான்தான் கெடுத்தேன் என்று காலத்துக்கும் பேச்சு வரும். கத்திய நானே குனிந்து அந்த வாத்தியத்தை எடுத்தேன்.

அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் முகம் பார்க்கத் தெரியுமே. என்ன பிழை நடந்தது என்று கேட்டாள். பாம்பு எங்களுக்குத் தெய்வம், அதன் தோல் தெய்வத்துக்கு முன்னால் இருக்கக் கூடாதென்கிறார்கள் என்று சொன்னேன். மிருதங்கத்தின் கதையை மட்டும் நான் ஆங்கிலத்தில் சொல்லவில்லை. என் சனத்தை அவளுக்கு முன்னால் அவ்வளவு தூரம் அவிழ்த்துக் காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? மன்னிப்புக் கேட்டாள்! எனக்குத் தெரியாமல் போய்விட்டது, உங்கள் கடவுளுக்கு மரியாதைக் குறைவு செய்துவிட்டேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்து, சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் சாத்திவிட்டு வந்து பாயில் இருந்தாள். கடைசிப் பிள்ளை பாடும் வரைக்கும் இருந்தாள், ஒவ்வொரு பிள்ளைக்கும் கைதட்டினாள். அவள் படித்த பாட்டை எங்கள் பிள்ளைகள் பாடியபோது வாய்க்குள் கூடவே பாடினாள்.

அன்றிரவு மிருதங்கத்துக்கு உறை போடும்போது என் கணவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில மாதம் கழித்து அவளுக்குக் கல்யாணம். சைனா டவுனில் ஒரு உணவகத்தில் விருந்து. குடும்பத்தோடு வரவேண்டும், உன் கணவரின் மேளத்தையும் கட்டாயம் கொண்டுவர வேண்டும் என்றாள்.

"எந்த முகத்தோட வாறது?" என்றார் அவர். இழுத்துக்கொண்டுதான் போனேன்.

எங்களுக்கென்று ஒரு மேசை தனியாகப் போட்டிருந்தார்கள். முழுக்க மரக்கறி. மேடையில் மற்றவர்களுக்கெல்லாம் நாற்காலி. ஒரு பக்கத்தில் மட்டும் புது வெள்ளை விரிப்பு ஒன்று தரையில் விரித்துக் கிடந்தது. நாங்கள் பாயில் இருந்து வாசிப்பதை அவள் பார்த்து வைத்திருக்கிறாள். கல்யாணப் பெண், சிவப்பு உடுப்போடு, தன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அந்த விரிப்பில் வந்து நின்று, என் கணவரைக் கைகூப்பிக் கூப்பிட்டாள்.

ஹொங்கொங் காதல் பாட்டு ஒன்று. முதலில் தடுமாறினார், பிறகு தாளத்தைப் பிடித்துக்கொண்டார். நடுவில் பாட்டு நின்றதும் அவளுடைய எர்ஹூவும் இவருடைய மிருதங்கமும் மட்டும் போயின. சனம் எழும்பி நின்று கைதட்டியது. இவர் தலையை நிமிர்த்தவே இல்லை. கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

விருந்துக்கு வந்த ஒரு கிழவர் மேடைக்குப் போய் மிருதங்கத்தைத் தட்டிப் பார்த்து அவளிடம் சீனத்தில் ஏதோ கேட்டார். அவள் ஒரு வார்த்தை சொன்னாள். கிழவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். என்ன கேட்டார் என்று அவளிடம் கேட்டேன்.

"என்ன தோல் என்று கேட்டார். நான் விசாரிக்கவில்லை என்று சொன்னேன்" என்றாள்.

மிருதங்கம் மாட்டுத் தோல் என்று அவளுக்குத் தெரிந்திருந்ததா, தெரியாமல்தான் சொன்னாளா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்க வாய் வரவில்லை. என் கணவர் அன்றும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு தரமாவது கோபித்திருந்தாளென்றால் காலைப் பிடித்தாவது கேட்டு முடித்திருப்போம். அவள் கோபிக்கவே இல்லை, அதனால் அந்த வெட்கம் இன்னும் எங்கள் வீட்டில் எங்களோடேயே இருக்கிறது.