மூன்றாம் படியிலிருந்து திமிங்கலம்

என் அக்கா புருஷனுக்கு எங்கள் இயற்கைக் காட்சியகத்தில் 'புகை' என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், மழைக்காடு அறையில் புதிதாக வைத்த பனிமூட்ட இயந்திரம் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "தீ! தீ!" என்று கத்தி முந்நூறு பேரை வெளியே விரட்டினார். தள்ளுமுள்ளில் ஒருவருக்குக் கை உடைந்தது. இன்னொரு தடவை இப்படிச் செய்தால் வேலை போகும் என்று கடிதம் கொடுத்தார்கள். பதினாறு வருஷம் ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை. டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் நானே, "அதோ பாரு, புகை வருது" என்று சொல்லிச் சிரித்திருக்கிறேன். வீட்டில் மட்டும்தான் அத்தான்.

அவருடைய வேலை திமிங்கலக் கூடத்தைப் பார்த்துக்கொள்வது. எங்களிடம் ஒரு டிக்கெட் வாங்கினால் காட்சியகம், பாம்புப் பண்ணை, வண்ணத்துப்பூச்சித் தோட்டம் மூன்றையும் பார்க்கலாம். ஆனால் எல்லோரும் முதலில் ஓடுவது திமிங்கலத்திடம்தான். எழுபது அடி எலும்புக்கூடு, கூரையிலிருந்து இரும்புக் கயிறுகளில் தொங்குகிறது. பிள்ளைகள் தாடைக்கு நேர் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு, தங்களை அது விழுங்கப்போகிறது என்று கூச்சல் போடுவார்கள்.

கயிறுகளைச் சோதிக்க வருஷத்துக்கு ஒரு முறை ஆள் வருவார். அது போதாது என்று அத்தான் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் காலையில் மாடிப்படியின் மூன்றாம் படியில் நின்று இடது கண்ணை மூடிக்கொள்வார். அங்கிருந்து பார்த்தால் தாடையின் நுனி எதிர் ஜன்னலின் குறுக்குக் கம்பியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். தொட்டால் கயிறு இறங்கவில்லை என்று அர்த்தம். ஒரு நோட்டில் தேதி போட்டு 'சரி' என்று எழுதுவார். டைரக்டர் மேடம் ஆரம்பத்தில் சிரித்தார். அப்புறம் வாரம் ஒரு தடவை அந்த நோட்டில் கையெழுத்தே போட ஆரம்பித்தார்.

பார்க்கிறவரின் உயரம் மாறினால் கணக்கு தப்பிவிடும். அங்கே வேலை பார்க்கிறவர்களில் அவர் உயரத்துக்குச் சரியாக இருப்பவள் நான்தான். "ஜோடிப் பொருத்தம் உங்க ரெண்டு பேருக்கும்தான். நான் நடுவுல தென்னை மரம் மாதிரி வந்துட்டேன்" என்று அக்காவே கேலி செய்வாள். அதனால்தான், மகள் பிரசவத்துக்குப் பத்து நாள் லீவு போட்டபோது அத்தான் நோட்டை என்னிடம் கொடுத்தார்.

"மூணாம் படி, இடது கண்ணு. கம்பியைத் தொடுதான்னு மட்டும் பாத்து எழுதும்மா."

தலையாட்டினேன். ஆனால் ஒன்பது மணிக்கு ஜன்னலைத் திறக்கவேண்டும், வெளியே வரிசை நிற்கும். இதற்காக யார் கூடம் வரைக்கும் நடப்பது? பதினாறு வருஷமாக இறங்காத திமிங்கலம் இந்தப் பத்து நாளிலா இறங்கப்போகிறது? பத்து நாளும் உட்கார்ந்த இடத்திலிருந்தே 'சரி' என்று எழுதினேன். சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும்.

"தொடுதாம்மா?"

"தொடுது, தொடுது. நீங்க முதல்ல பேரனைக் கவனிங்க."

பதினோராம் நாள் அத்தான் திரும்பி வந்தார். அன்றைக்கு இரண்டு பஸ் நிறையப் பள்ளிப் பிள்ளைகள். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே கூடத்துப் பக்கம் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டிவிட்டு அத்தான் நிற்கிறார். முகத்தில் ஈயாடவில்லை.

"யாரும் உள்ள போகக்கூடாது. தாடை இறங்கியிருக்கு."

"மறுபடியும் புகையா?" என்று யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். மேடம் வேகமாக வந்தார். நோட்டு என் மேஜையில் இருக்கிறது. அந்த நேரத்தில்தான் அவர் காலைப் பார்த்தேன். எப்போதும் தேய்ந்துபோன செருப்பு போடுகிறவர், அன்று காலை ஆபீஸில் கொடுத்த புது ஷூவில் நின்றுகொண்டிருந்தார். தடித்த அடி.

"அத்தான், ஷூ!" என்று கத்தினேன். "அது இறங்கலை, நீங்கதான் ஏறியிருக்கீங்க!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அத்தானும் அசடு வழிந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் வேலைக்காகத்தான் கத்தினேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை.

ஆனால் அவர் அதோடு விடவில்லை. ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு மூன்றாம் படியில் ஏறி நின்றார். நேரம் போய்க்கொண்டிருந்தது. டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மேடம், இப்பவும் ரெண்டு விரல் கீழதான் இருக்கு."

மேடம் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தைப் புரட்டினார்.

"நேத்து வரைக்கும் சரின்னு இருக்கே. ஒரே நாள்ல எப்படி இறங்கும்? யோசிச்சுச் சொல்லுங்க. நான் கூடத்தை மூடினா மேலிடத்துக்கு எழுதணும். பழைய கடிதமும் ஃபைல்லதான் இருக்கு. இதுவும் ஒண்ணுமில்லைன்னு ஆச்சுன்னா என்னால உங்களைக் காப்பாத்த முடியாது."

அத்தான் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அவ பாக்காம எழுத மாட்டா மேடம். என் கண்ணுதான் தப்பா இருக்கும்" என்றார். அவரே போய் வாசல் கயிற்றை அவிழ்த்தார்.

பிள்ளைகள் மடை திறந்ததுபோல் உள்ளே ஓடினார்கள். இரட்டைச் சடை போட்ட ஒரு குட்டி, பையைத் தலைக்கு வைத்துத் தாடைக்குக் கீழே படுத்துவிட்டாள். சொன்னால் என் வேலை போய்விடும். அக்கா முகத்தில் எப்படி முழிப்பேன்? அந்தக் குட்டி வாயைப் பிளந்து திமிங்கலத்துக்குப் பழிப்புக் காட்டினாள்.

"நான் பாக்கலை" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. "மேடம்! நான் பாக்கவே இல்லை! பொய்யா எழுதினேன்! பிள்ளைங்களை வெளிய கூப்பிடுங்க!"

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த நிமிஷம் அவரே உள்ளே ஓடினார். அத்தான் அந்தக் குட்டியை அப்படியே வாரி எடுத்துக்கொண்டு வந்தார்.

மத்தியானம் கயிறு கட்டும் ஆள் ஏணி போட்டு ஏறினார். தாடையைத் தாங்கும் கயிற்றின் பிடி தளர்ந்து, கயிறு கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருந்தது. கீழே இறங்கி வந்து கட்டைவிரலைக் காட்டினார். "பிடிக்குள்ள கயிறு இவ்வளவுதான் மிச்சம் இருந்துச்சு."

எனக்கு மெமோ கொடுத்தார்கள். அத்தானோடு எல்லோரும் கை குலுக்கினார்கள். இனி அவரை யார் புகை என்று கூப்பிடுவது? அவர் மட்டும் என் ஜன்னல் பக்கமே வரவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சாயங்காலம் கூடத்தைப் பூட்டும்போது நோட்டோடு என் ஜன்னலுக்கு வந்தார்.

"எப்பலேர்ந்து நழுவ ஆரம்பிச்சதுன்னு எழுதணும்மா. கயித்துக்காரர் கேக்குறார். பத்து நாள்ல ஒரு நாளாவது பாத்தியா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன்.

"முதல் நாள் பாத்தேன் அத்தான்."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அதானே" என்றார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மற்ற ஒன்பது 'சரி'யையும் அடித்தார். முதல் நாளை மட்டும் அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் 'பார்த்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.