பம்பரம் தன் மனைவிக்கு எடுத்து வைத்த ஆட்டம்

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் அவனுக்குப் பம்பரம் என்று பெயர். சாட்டையைச் சுற்றிவிட்டது யாரென்று தெரியாது, சுற்றிக்கொண்டேதான் இருப்பான். டீயை நின்றுகொண்டு குடிப்பான், போனை நடந்துகொண்டு பேசுவான். உட்காரச் சொன்னால் நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டு முட்டியை ஆட்டுவான். ஆனால் லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டால் ஆளே வேறு. கம்பிக் கயிற்றில் பழந்துணியைச் சுற்றிப் பிடித்து, மெல்ல ஓடவிட்டு, துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே இழை அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பான். அவன் பார்த்துக் கொடுத்த லிஃப்டில் பெட்டியின் தரையும் மாடியின் தரையும் ஒரே மட்டத்தில் நிற்கும். நோயாளியைத் தள்ளிக்கொண்டு வரும் வண்டி தடக்கென்று ஒரு சத்தம் போடாமல் உள்ளே போகும். அவனுடைய அக்கா இதைச் சொல்லாத ஆளில்லை, சொல்லாத இடமில்லை.

தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போனபின் அவனை வளர்த்தது அந்த அக்காதான். எட்டாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஆயத்த உடை ஆலைக்குப் போனவள். இன்றைக்கும் அங்கே கடைசி மேசையில், பெட்டியில் போகும் சட்டைகளின் பொத்தானை இழுத்துப் பார்க்கிற வேலை. இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு. தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவன் குடியிருந்த வாடகை வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துத் துடைத்து வைத்தாள். டப்பாக்களுக்குப் பெயர் ஒட்டினாள். திரைச்சீலைக்கு மடிப்புத் தைத்தாள். கடைசியாகத் தம்பியைக் கூப்பிட்டு டிவிக்குக் கீழே இருந்ததைக் காட்டினாள்.

"இந்தப் பொட்டியையும் இந்த டப்பாங்களையும் கொஞ்ச நாளைக்கு பீரோ மேல தூக்கி வை. வர்ற பொண்ணு உன்னை விளையாட்டுப் பையன்னு நினைச்சிடப் போறா."

அந்த டப்பாக்கள் டிவியில் போட்டு ஆடுகிற ஒரு ஜப்பானிய வீடியோ கேம் வரிசை. முப்பது வருடத்துக்கு மேலாக வந்துகொண்டிருக்கிறது, பதினைந்து பாகம். நாமே அந்தக் கதையில் ஓர் ஆளாகி, ஊர் ஊராக நடந்து, துணைக்கு ஆள் சேர்த்து, சண்டை போட்டு, தோற்று, தேறி வருகிற ஆட்டம். தொழில் பழகிய காலத்தில் விடுதி அறையில் கூட இருந்தவன் விட்டுப்போன பழைய பெட்டியில் பிடித்த பழக்கம். அவன் முட்டி ஆடாமல் உட்காருகிற இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான். அதனால்தான் அக்கா இத்தனை வருடம் அதைத் திட்டவில்லை.

வந்த பெண் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். வார்த்தையை அளந்து பேசுவாள். கல்யாணமாகி மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. வீட்டில் சண்டையில்லை, சச்சரவில்லை. சத்தமே இல்லை. ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டு, ஒரே லிஃப்டில் ஏறிய இரண்டு வெளியாட்களைப் போலக் கதவைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

இதற்கு நடுவில்தான் அவளுடைய துறைத் தலைவி ஒரு சேதி சொன்னார். வேறு நகரத்தில் இருக்கும் கிளை ஆஸ்பத்திரிக்கு ஆள் வேண்டும். தங்க விடுதி உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் அவளே கேட்டிருந்த இடம்தான். வருகிறாயா, இல்லையா என்று சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அவள் அதை அவனிடம் சொன்னபோது அவன் வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தான். நெஞ்சு முழுக்கப் போகாதே என்ற ஒரே சொல் அடைத்துக்கொண்டிருக்க, வாய் மட்டும் "உன் இஷ்டம்" என்றது.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் விடுமுறை. பீரோ மேல் தூசி தட்டப்போனவள் தலையணை உறையில் சுற்றியிருந்த டப்பாக்களை இறக்கிக்கொண்டு வந்தாள்.

"என்னங்க இது, எல்லாத்துக்கும் ஒரே பேரு?"

"சும்மா... கேம். ஒரே வரிசை."

"அண்ணி ஒளிச்சு வைக்கச் சொன்னாங்களா?"

நாத்தனாரை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். அவன் பொய் சொல்லப் பார்த்து, முடியாமல், "கொஞ்ச நாளைக்கு" என்றான்.

அவள் சிரித்த மாதிரி இருந்தது. டப்பாக்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினாள். "புதுசா விளையாடுறவங்க எதுல ஆரம்பிக்கணும்?"

வந்த நாளிலிருந்து அவள் அவனிடம் உப்பு எங்கே என்றுகூடக் கேட்டதில்லை. டப்பாவில்தான் பெயர் ஒட்டியிருக்கிறதே. முதல் தடவையாக ஒன்று கேட்கிறாள்.

"நான் யோசிச்சுச் சொல்றேனே" என்றான்.

யோசித்தான், யோசித்தான், மண்டை காய்ந்தது. அந்த வரிசையில் சிக்கலே அதுதான். எண் போட்டிருக்கிறதே தவிர, ஒன்றுக்கும் இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ஒவ்வொரு பாகமும் தனி உலகம், தனி மனிதர்கள். எல்லாவற்றிலும் வருவது ஒரு விளக்கு வியாபாரி மட்டும்தான். முதல் பாகத்தில் ஆரம்பித்தால் படமெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும், எங்கே போக வேண்டும் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள், புதியவர்கள் ஓடிவிடுவார்கள். நான்காம் பாகம் கதைக்குப் பெயர்போனது, ஆனால் கதை சூடு பிடிப்பதற்குள் ஒரு தூக்கம் போட்டுவிடலாம். ஆறு நல்லது, நீளம். ஒன்பது பார்க்க அழகு, சண்டையில் கை வேகம் வேண்டும். பதினொன்றை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. அதில் தோற்றால் கிளம்பிய கிராமத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பழம் தின்று கொட்டை போட்டவர்களே பாதியில் விட்ட பாகம்.

வேலை இடத்தில் மோட்டார் அறையில் நின்று இதைக் கூட்டாளியிடம் சொன்னான். கயிறு மாற்றுவதில் கெட்டிக்காரர், அவருக்குக் கயிறு அண்ணன் என்று பெயர்.

"ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லு. இதுக்கு எதுக்குடா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க?"

"அது பழசுண்ணே. பிடிக்காது."

"பிடிக்கலைன்னா ரெண்டைப் போடு."

"முதல்ல போடுறது பிடிக்கலைன்னா அடுத்ததைத் தொடமாட்டாண்ணே. அவ்வளவுதான்."

"டேய், கல்யாணத்தைப் பத்திப் பேசுறியா, கேமைப் பத்திப் பேசுறியா?"

அவன் எண்ணெய்த் துணியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தான். கயிறு அண்ணன் அதற்குமேல் கிண்டவில்லை.

கடைசியில் நான்காம் பாகம் என்று முடிவு செய்தான். ஆனால் மெதுவான தொடக்கம் உறுத்தியது. அங்கேதான் அவனுடைய தொழில்புத்தி வேலை செய்தது. லிஃப்ட்காரர்களுக்கு ஒரு விதி உண்டு. ஆள் ஏறும் முன் நாம் ஏற வேண்டும். வெறும் பெட்டியை மேலும் கீழும் ஓட்டி, எங்கே குலுங்குகிறது, எங்கே கிறீச்சிடுகிறது என்று பார்த்துச் சரி செய்து, அப்புறம்தான் கதவைத் திறந்துவிட வேண்டும். அவளுக்குக் காலை ஷிஃப்ட், அவனுக்கு வியாழன் வரை மதியம். காலையெல்லாம் உட்கார்ந்து நான்காம் பாகத்தை அவனே ஓட்டினான். சலிப்பான ஊர்களைத் தாண்டினான். துணைக்கு வரும் ஆட்களை எல்லாம் சேர்த்தான். எந்த மிருகம் வந்தாலும் ஒரே வெட்டில் விழும்படி பலத்தை ஏற்றினான். நல்ல வாள், நல்ல கவசம், பை நிறைய மருந்து. கதை சூடு பிடிக்கும் வாசலில் கொண்டுபோய் நிறுத்திச் சேமித்து வைத்தான். இனி அவள் ஏற வேண்டியதுதான் பாக்கி. எங்கேயும் குலுங்காது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளை டிவிக்கு முன்னால் உட்காரவைத்துக் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தான். தான் பின்னால் நின்றுகொண்டான்.

அவள் நடந்தாள். மிருகம் வந்தது, விழுந்தது. இன்னொன்று வந்தது, விழுந்தது. யாரோ ஒரு பெண் அழுதுகொண்டு ஓடிவந்து நெடுநாள் சிநேகிதியைப் போலக் கட்டிக்கொண்டாள்.

"இது யாரு?"

"உன் தங்கச்சி மாதிரி. முன்னாடி ஒரு ஊர்ல நீதான் அவளைக் காப்பாத்தினே."

"நானா?"

"ஆமா. அதாவது... நான்."

அவள் இன்னும் கொஞ்சம் நடந்தாள். அவன் மூச்சுவிடாமல் வழி சொன்னான். இடப்பக்கம் போ. அந்தப் பெட்டியைத் திற. அவனிடம் பேசாதே, வீண் பேச்சு. பேசப் பேச முட்டி வேறு நாற்காலியில் இடித்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள். "யூனிஃபார்ம் தேய்க்கணும்."

அவனுக்கு லிஃப்டின் கயிறு அறுந்த மாதிரி இருந்தது. அவள் இஸ்திரிப் பெட்டியைச் சூடுபோட்டுவிட்டு வெள்ளைக் கோட்டை விரித்தாள். அவன் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தான்.

"கொஞ்சம் ஆடாம நில்லுங்களேன். உங்களை எக்ஸ்ரே எடுத்தா எலும்பெல்லாம் ரெண்டு ரெண்டா விழும்."

"பிடிக்கலையா?"

"பிடிக்கறதுக்கு என்ன இருக்கு அதுல? எல்லாத்தையும் நீங்களே முடிச்சு வெச்சிருக்கீங்க. எனக்குத் தெரியாதவங்க எல்லாம் என்னைக் கட்டிப்பிடிச்சு அழறாங்க."

"முதல்ல போர் அடிக்கும். கஷ்டப்படுவியேன்னுதான்..."

"இந்த வீடும் அப்படித்தாங்க. நான் வர்றதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சிருந்தது. எந்த டப்பா எங்க, எந்தத் துணி எந்தக் கொடியில. அண்ணி தங்கமானவங்க, குறை சொல்லலை. ஆனா நான் இங்க ஒரு பொருளைத் தேடினதுமில்ல, தொலைச்சதுமில்ல. விருந்தாளி மாதிரி இருக்கேன்." கோட்டைத் திருப்பிப் போட்டாள். "எல்லாத்துலயும் எனக்கு முன்னாடி போய் வழி பார்த்துட்டு வர்றீங்க. நான் வேற ஊருக்குப் போறதுல மட்டும், உன் இஷ்டம்."

அவன் நின்றுவிட்டான். முட்டிகூட நின்றுவிட்டது.

"போக வேணாம்" என்றான். "சொன்னா உன் வேலையைத் தடுத்த மாதிரி ஆயிடுமேன்னு பயந்துட்டேன். எனக்கு நீ இங்க இருக்கணும்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சுவரோரம் போய் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றை எடுத்துவந்து நீட்டினாள். பதினொன்று.

"இதைப் போடுங்க."

"ஐயோ, இதுல யாரும் ஆரம்பிக்கவே மாட்டாங்க. இது ரொம்ப..."

"எல்லா அட்டையிலயும் வாளைத் தூக்கிட்டு நம்மளப் பார்த்துச் சிரிக்கறாங்க. இந்தப் பொம்பளை மட்டும் சிரிக்கலை. என்ன கவலைன்னு பார்க்கணும். நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

போட்டுக் கொடுத்தான். அவள் கிராமத்தைவிட்டு வெளியே வந்ததும் போகவே கூடாத மேற்குப் பக்கம் திரும்பினாள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். ஒரு காட்டுப்பன்றி வந்து ஒரே முட்டு. மறுபடி கிராமம். மறுபடி மேற்கு, மறுபடி பன்றி. அவனுக்கு நாக்கு நுனியில் வழி துடித்தது. கிழக்கே போனால் கிணற்றடியில் ஒரு கேடயம் கிடைக்கும் என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. தொண்டையைச் செருமினான்.

"மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "விடச் சொல்லும்போது விட்டாப் போதும்."

நகம் கடித்தான். ஜன்னலைத் திறந்தான், மூடினான். அவள் கிராமத்தில் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். அவன் இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடப் பேசாத ஒரு கிழவரிடம் பேசினாள். அவர் பன்றிக்குத் தீயைக் கண்டால் பயம் என்றார். அவள் விளக்கு வியாபாரியிடம் போனாள். அவனுக்கே தெரியாத சங்கதி. அவனையறியாமல் தரையில், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

சனிக்கிழமை காலை அவளுக்கு வேலையில்லை. எழுந்து பல் தேய்த்த கையோடு டிவியைப் போட்டாள். பன்றியைத் தாண்டியாகிவிட்டது, இப்போது ஆற்றங்கரையில் ஒரு பாம்பு. அவன் குளித்துச் சீருடை மாட்டிக்கொண்டு, கேட்கவும் முடியாமல் கேட்காமல் இருக்கவும் முடியாமல் ஷூ நாடாவைக் கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவளுடைய போன் அடித்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"சொல்லுங்க மேடம்... ஆமா, யோசிச்சேன். இல்ல மேடம், நான் வரலை. வேற யாரையாவது அனுப்புங்க... அப்படி ஒண்ணும் இல்ல. இங்க இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன்."

போனை வைத்துவிட்டு, பாம்பிடம் அடிபட்டு, கிராமத்துக்குத் திரும்பிப் போனாள். "சே" என்றாள். அவ்வளவு சந்தோஷமான ஒரு 'சே'வை அவன் கேட்டதே இல்லை.

அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு தெருமுனைக்கு வந்துதான் அக்காவுக்கு போன் போட்டான். அக்கா ஆலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தம்பி இடமாற்றச் சேதியைச் சொன்னதிலிருந்து அந்த வாரம் முழுக்க அவளுக்கும் தூக்கமில்லை.

"என்னடா ஆச்சு? சொல்லிட்டாளா?"

"தோத்துக்கிட்டே இருக்காக்கா."

"எதுல?"

"எல்லாத்துலயும். ஒரு பாம்பு அவளை விடமாட்டேங்குது."

"இது நல்ல சேதியா, கெட்ட சேதியாடா?"

"நல்ல சேதிதான்க்கா. போகலையாம். அப்புறம் ஒண்ணு, நீ நம்ம வீட்டுக்கு வந்தா டப்பா எதையும் எடுத்து அடுக்காத. அவளே தேடிக்குவா."

"ஏன், நான் அடுக்கினதுல என்ன குறை?"

"குறையே இல்லக்கா" என்றான் அவன். "அதுதான்."