மை ஏறிய மணி

எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒண்டிக்கடை முக்கில் சாக்கு விரித்து, ஏற்காடு பார்க்க வருகிறவர்களுக்குக் கல்மணி மாலை விற்றேன். மலை அடிவாரத்தில் வெட்டியெடுக்கிற வெள்ளைக்கல்தான். உடைத்து, தேய்த்து உருட்டி, துளை போட்டுக் கோப்பேன். வெள்ளையாகவே வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதனால் எழுதுகிற நீல மையில் ஊறப்போட்டு, வெயிலில் நன்றாகக் காயவைத்து, அந்தச் சூட்டோடு மெழுகுவர்த்தியைத் தேய்ப்பேன். மெழுகு பிடித்துவிட்டால் மை வெளியே வராது. கேட்பவர்களிடம், "மலையில வெளயற நீலக்கல்லுங்க" என்பேன். ஆள் முகம் பார்த்துப் பேசவே கூசுகிறவள் நான். இதை மட்டும் தடுமாறாமல் சொல்வேன்.

எங்கள் ஊர் வெள்ளக்கடையில் அடுத்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. என்னோடு எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறித்தவள். தாலிக்கு மேலே போட ஒரு நீல மாலை கேட்டாள்.

"ஏனுங்க அக்கா, நெசமாலுமே கல்லோட நெறமே இதுங்களா?"

"பின்ன என்ன கண்ணு, உங்கிட்டயா பொய் சொல்லுவேன்?"

அந்த வாரம் முழுக்க மூடுபனி. மணி காயவே இல்லை. நாள் நெருங்கிவிட்டதே என்று ஈரத்தோடு மெழுகைத் தேய்த்துக் கொடுத்துவிட்டேன்.

கல்யாணத்தன்று சர்ச்சுக்கு வரும்போது தூறலில் நனைந்துவிட்டாள். பூசை முடிந்து வெளியே வந்தபோது கழுத்திலும் வெள்ளை ரவிக்கையிலும் நீலம் வழிந்திருந்தது. மாமியார் பிடித்துக்கொண்டார்.

"என்ன சாமி இது?"

"கல்யாண ரிஜிஸ்தர்ல கையெழுத்துப் போடறப்ப மை சிந்திருச்சுங்க அத்தை."

"கழுத்துலயா கையெழுத்துப் போட்ட?"

மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் மூன்று எட்டு தள்ளித்தான் நின்றேன். என் நகக்கண்ணெல்லாம் நீலம். கையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள், அந்த மாலையோடு என் வாசலில் நின்றாள். பாதி மணி வெளுத்திருந்தது.

"இன்னொருக்கா மெழுகு தேச்சுக் குடுங்க அக்கா."

"மெழுகுன்னு உனக்கு..."

"அடுத்த ஊடுதானுங்களே. மை வாசம் தெரியாதுங்களா?"

"அப்பறம் ஏங் கண்ணு கல்லோட நெறமான்னு கேட்ட?"

"எங்கிட்டயாவது சொல்லுவீங்கன்னுதானுங்க."

மெழுகுவர்த்தி எடுத்து வருவதாக உள்ளே போனேன். அது அடுப்பு மாடத்திலேயே, கண்ணெதிரில்தான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வெளியே வர எனக்கு வெகுநேரமாயிற்று.