பதினாலாம் போர்ட்டில் இருந்த அப்பா

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் உள்ள ஐந்து மாடிக் கல்யாண மண்டபம். என்னோடு வேலை செய்யும் தோழிக்கு அன்று கல்யாணம். கொட்டாஞ்சேனையிலிருந்து விடியவே புறப்பட்டு, பட்டுச் சேலையும் மல்லிகைப் பூவுமாக வந்து சேர்ந்திருந்தேன். ஆனால் மண்டபத்தில் எனக்குக் கிடைத்த இடம் முன்வரிசைக் கதிரை அல்ல. மூன்றாம் மாடியில், மணவறைக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன அறை. காற்றுக்கூட வராது.

காரணம் இதுதான். தோழியின் ஒரே தம்பி ரொறொன்ரோவில் இருக்கிறான். விசா சிக்கலால் வர முடியவில்லை. அக்காவின் தாலிகட்டை நேரலையில்தான் பார்க்க வேண்டும். அந்த மண்டபத்துக்கு நெட்வேர்க் போட்டுக் கொடுத்தது எங்கள் கம்பனி. போட்டவள் நான். ஆகவே கமெரா இடையில் நின்றுவிடாமல் பார்க்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

என் வேலையை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன். சுவிட்ச் என்றதும் சுவரில் இருக்கும் லைட் சுவிட்சை நினைக்காதீர்கள். இது வரிசையாகத் துளைகள் உள்ள ஒரு பெட்டி. ஒவ்வொரு துளையும் ஒரு போர்ட். கட்டிடத்தின் கமெராக்கள், வைஃபை பெட்டிகள் எல்லாவற்றுக்குமான வயர்கள் அதில்தான் வந்து சேரும். அதை ஒரு கறுப்புத் திரையில் கட்டளை எழுதித்தான் ஆட்டுவிப்போம். எந்தப் போர்ட் எந்த இடத்துக்குப் போகிறது என்று பெயர் எழுதி வைப்பது முறை. கமெராவுக்குப் போகும் நாலாம் போர்ட்டுக்கு மட்டும் எழுதியிருந்தேன். மற்றவற்றைப் 'பிறகு எழுதுவோம்' என்று விட்டு நாலு மாதம்.

காலை ஏழு மணிபோல் தோழியின் அப்பா என் அறைக்கு வந்தார். இரண்டு நாளாகத் தூங்காத முகம்.

"பிள்ளை, மகன் போனில வந்தால் படம் நிண்டு நிண்டு போகுது. ஒருக்கா இதைப் பார்."

அவருடைய போனை வைஃபையில் சேர்த்து, முன்னுரிமை கொடுக்க அதன் முகவரியையும் குறித்துக்கொண்டேன். ஒவ்வொரு போனுக்கும் அப்படி ஒரு எண் உண்டு. அவர் சந்தோஷமாக என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

ஒன்பதே கால் இருக்கும். கதவைத் தள்ளிக்கொண்டு தோழியின் அம்மா வந்தார்.

"பிள்ளை, மாமாவைக் கண்டனியோ?"

தோழியின் அப்பாவைத்தான் நான் மாமா என்று கூப்பிடுவேன். "இல்லை அன்ரி. ஏன்?"

"அரை மணித்தியாலமாக் காணேல்லை. போன் அடிக்குது, எடுக்கிறாரில்லை. போன வருசம்தான் நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்தது…"

முகூர்த்தம் பத்து மணிக்கு. கன்னிகாதானம் செய்ய வேண்டியவர் அவர். கீழே சாப்பாட்டு மண்டபம், கார் நிற்கும் இடம், கழிவறைகள் எல்லாம் பார்த்தாகிவிட்டதாம். தோழியின் சித்தப்பா கடற்கரைக்கும் ரெயில் பாதைக்கும் ஓடியிருக்கிறார். மணப்பெண் அறைக்குள், "அப்பா வராமல் நான் மணவறைக்கு வரமாட்டன்" என்று தோழி சொல்வது எனக்கே கேட்டது.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். லப்டொப்பைத் திறந்து சுவிட்சில் 'ஷோ மக் அட்ரஸ் டேபிள்' என்று எழுதினேன். எந்தக் கருவி எந்தப் போர்ட் வழியாகப் பேசுகிறது என்று வரிசையாகக் காட்டும் கட்டளை அது. நூற்றுக்கணக்கான எண்கள் ஓடின. என் குறிப்பில் இருந்த எண்ணைத் தேடினேன்.

இருந்தது! பதினாலாம் போர்ட்.

ஒரு கருவி ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தால் சுவிட்ச் அதை மறந்துவிடும். அவருடைய எண் இன்னும் அங்கே இருந்தது.

"அன்ரி, மாமா வெளியில போகேல்லை. அவற்ற போன் இந்தக் கட்டிடத்துக்குள்ளதான் இருக்கு!"

"எங்க பிள்ளை?"

பதினாலாம் போர்ட் எந்த மாடியின் எந்த வைஃபை பெட்டிக்குப் போகிறது? பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. அந்த நிமிடம் என் சோம்பேறித்தனத்தை நினைத்து எனக்கே அழுகை வந்தது.

ஒரு வழி இருந்தது. அந்தப் பெட்டிகளுக்கு மின்சாரமும் சுவிட்சிலிருந்து அதே வயரில்தான் போகிறது. பதினாலாம் போர்ட்டின் மின்சாரத்தை நிறுத்தினால், அந்தப் பெட்டியின் பச்சை லைட் அணையும். எங்கே அணைகிறதோ அங்கே தேடலாம். மாப்பிள்ளை வீட்டாரையும் சேர்த்து மாடி மாடியாக ஆட்களை நிறுத்தினோம். சாப்பாட்டு வேலைக்கு வந்திருந்த சிங்களவர் ஒருவர், எல்லோரும் 'அய்யே', அண்ணன் என்று கூப்பிடுபவர், கையிலிருந்த தட்டுக்கட்டைக் கீழே வைத்துவிட்டு, "நான் மேல போறன் மிஸ்" என்று கொச்சைத் தமிழில் சொல்லிவிட்டு ஏறினார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும்.

கட்டளையை எழுதினேன். அவசரத்தில் பதினாலுக்குப் பதில் நாலு என்று அடித்துவிட்டேன்.

உடனே என் போன் அலறியது. ரொறொன்ரோ.

"அக்கா, படம் நிண்டு போட்டுது! அங்க என்ன நடக்குது?"

"ஒண்டுமில்லையடா, கரண்ட் ஒருக்காப் போய் வந்தது. ரெண்டு நிமிசம் பொறு."

வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் பொய் சொன்னதில்லை. கமெராவுக்கு மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இந்த முறை எண்ணை வாய்விட்டு ஒவ்வொன்றாகச் சொல்லி அடித்தேன். ஒன்று. நாலு. என்டர்.

இரண்டாம் மாடியிலிருந்து, "இஞ்ச எரியுது!" மூன்றாம் மாடியிலிருந்து, "இஞ்சயும் எரியுது!" அதன் பிறகு மேலே படிக்கட்டிலிருந்து ஒரு சத்தம்:

"மிஸ்! மெஹே லைட் எக்க நிவுனா! இங்க லைட் போயிட்டு, லைட் போயிட்டு!"

நாலாம் மாடி. அங்கே அன்று விசேஷம் எதுவும் இல்லை. மண்டபக் கதவு சாத்தியிருந்ததால் யாரும் உள்ளே பார்க்கவில்லை. சேலைக் கொய்யகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் ஓட, அன்ரி எனக்கு முன்னால் ஓடினார்.

அய்யே கதவைத் தள்ளினார். அடுக்கி வைத்த கதிரைகளுக்கு அப்பால், ஜன்னலோரம், ஒற்றைக் கதிரையில் அவர். தலை நெஞ்சில் சாய்ந்திருந்தது. மடியில் போன். கையில் ஒரு கடதாசி. அசைவில்லை. அன்ரி வாசலிலேயே நின்று என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அய்யேதான் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். திரும்பியபோது அவர் முகம் முழுக்கச் சிரிப்பு.

"மிஸ், மஹத்தயா ஹொந்தட்டம நிதி!"

ஐயா நல்ல நித்திரையாம்! அதை உறுதிப்படுத்துவதுபோல ஒரு குறட்டை அந்த வெறும் மண்டபம் முழுக்க ஒலித்தது.

"என்ர கடவுளே! ஊரெல்லாம் தேடித் திரியுது, நீங்கள் இஞ்ச குறட்டை விடுறியளோ!" அன்ரி அழுதபடியே சிரித்து, சிரித்தபடியே அவர் தோளில் அடித்தார்.

திடுக்கிட்டு எழுந்தவர் முதலில் கேட்டது, "நேரம் போட்டுதோ?"

"இல்லை மாமா, இன்னும் இருவது நிமிசம் கிடக்கு."

கையிலிருந்த கடதாசியைக் காட்டினார். பூட்டன், பேரன், தகப்பன் என்று மூன்று தலைமுறை முன்னோரின் பெயர்கள். கன்னிகாதானத்தில் ஐயரோடு அவற்றை மூன்று தரம் சொல்ல வேண்டும். சபையில் பிழைவிட்டுவிடுவேனோ என்ற பயத்தில், போனைச் சத்தமில்லாமல் ஆக்கிவிட்டுப் பாடமாக்க வந்திருக்கிறார். கடற்காற்று முகத்தில் பட, அப்படியே கண் சொருகிவிட்டது.

பத்து மணிக்குச் சரியாக மணவறையில் நின்றார். கடதாசியை எடுக்கவே இல்லை. மூன்று தரமும் கணீரென்று சொன்னார். சித்தப்பா வேட்டிக் கரையெல்லாம் கடல்மணலோடு மூச்சு வாங்க வந்து நின்று, "எங்கயாம் இருந்தவர்?" என்று என் காதுக்குள் கேட்டார். "பதினாலாம் போர்ட்டில" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் இரண்டு பேரும் சிரித்தோம். கெட்டிமேளத்துக்குள் அந்தச் சிரிப்பு யாருக்கும் கேட்கவில்லை. சின்ன அறைக்குத் திரும்பாமல், முதல் தடவையாக நானும் முன்வரிசையில் இருந்து தாலிகட்டைப் பார்த்தேன். சாப்பாட்டின்போது அய்யேயைத் தோழியின் அப்பா கைபிடித்துக் கூட்டிவந்து, தன் பக்கத்தில் இருத்தி, தானே பரிமாறினார்.

மறுநாள் யாரும் கேட்காமலே அந்த மண்டபத்துக்குப் போய், எல்லாப் போர்ட்டுகளுக்கும் பெயர் எழுதி முடித்தேன். முதலாளி கேட்டபோது நடந்ததைச் சொன்னேன். திட்டத் தொடங்கியவர் குறட்டை வந்த இடத்தில் திட்டை மறந்துவிட்டார்.

தினமும் எத்தனையோ சுவிட்சுகளில் அதே கட்டளையை எழுதுகிறேன். முன்பெல்லாம் எண்களாக மட்டும் ஓடிய அந்த வரிகளைப் பார்க்கும்போது, இவற்றில் ஒவ்வொன்றும் யாரோ ஒரு வீட்டாருக்கு வேண்டிய ஆள் என்ற நினைப்பு இப்போது கூடவே வருகிறது. அந்த நினைப்பு வந்த பிறகுதான் என் வேலையை நான் உண்மையாகவே விரும்பத் தொடங்கினேன்.